உள்ளுணர்வு என்பது யாது?

மனித மனத்துக்கு மறைவான ஆற்றல்கள் உண்டா என்னும் வினா பௌத்தப் பாட வகுப்புகளில் அடிக்கடி எழுவதாகும். “நடக்கப் போவதை என் மனம் முன்பே சொல்லிற்று” என்பர் சிலர். “அவரைக் கண்டவுடனே நல்லவரல்லர் என்று தோன்றியது, அவ்வாறே ஆயிற்று” என்பர் வேறு சிலர். கனவிற் கண்டது மறுநாள் நிகழ்ந்தது என்று கூறுவாரும் உளர். இத்தகையோர் எல்லாச் சமயத்தாரிடையேயும் இருப்பதுபோலத் தம்மத்தைத் தழுவிய நம்மிடையேயும் இருக்கின்றனர்.

இவையனைத்தும் பொய்யென்று தள்ளுவோர் ஒரு சாரார். தெய்வவாக்கென்று தலைமேற் கொள்வோர் மற்றொரு சாரார். இவ்விரண்டு முனைகளையும் விட்டு, காரணத்தை நாடி ஆராய்வதே பௌத்தர்க்குரிய முறையாகும். ஆகவே இப்பாடத்தில் உள்ளுணர்வு எவ்வாறு உண்டாகிறது, அதனை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்னும் மூன்றையும் முறையே நோக்குவோம். குறி சொல்பவனிடம் கைப்பொருளை இழப்பதும், கண்ட மாத்திரத்தில் ஒரு மனிதனை இழிந்தவனென்று எண்ணி ஒதுக்குவதும் ஒரே வேரினின்று கிளைப்பவை என்பது முடிவில் விளங்கும்.

மட்டாஞ்சேரிக் கடைவீதி

நூல்களுக்குச் செல்லுமுன் ஒரு கடைவீதியைப் பார்ப்போம். கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரி பல நூற்றாண்டுகளாக மிளகு, சுக்கு, ஏலம் முதலிய நறுமணப் பொருள்களின் வாணிபத்தால் பெயர் பெற்ற இடம். 1568இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் அங்கே இன்றும் நிற்கிறது. அந்த யூதத் தெருப் பகுதியிலேயே 1957இல் தோன்றிய மிளகு வணிகர் சங்கமும் இயங்கியது. வணிகர்கள் ஒரு கூடத்திற் குழுமி உரக்கக் கூவி விலை பேசிய வழக்கம் கணினி வந்தபின் மறைந்துவிட்டது. ஆயினும் சரக்கின் தரத்தைக் கையாலும் மூக்காலும் நாவாலும் அறியும் பழக்கம் மிளகு வாணிபத்தில் மறையவில்லை.

தேர்ந்த வணிகர் மூட்டையிலிருந்து ஒரு பிடி மிளகை எடுக்கிறார். விரல்களின் இடையே அதனைச் சிந்தவிடுகிறார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்கிறார். ஒரு மணியைப் பல்லாற் கடிக்கிறார். “ஈரம் மிகுதி, உள்ளீடற்ற மணியும் கலந்திருக்கிறது” என்று உடனே சொல்லிவிடுகிறார். எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டால், “கை சொல்லுகிறது” என்பதற்குமேல் அவரால் விளக்க இயலாது.

அவர் கூறியதைச் சோதிக்க முடியும். சரக்கில் நீர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை ஆய்வுக்கூடம் அளந்து சொல்லும். ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் மிளகு நிற்கிறது என்று நிறுத்துப் பார்த்தால் மணிகள் திண்ணியவையா, உள்ளீடற்றவையா என்பது தெரியும். பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்னும் ஐயத்தை ஒரு குவளை நீரே தீர்த்துவிடும். நல்ல மிளகு அடியில் தங்க, பப்பாளி விதை மேலே மிதக்கும். கை சொன்னதும் கருவி சொன்னதும் ஒத்திருக்குமாயின் அங்கே மாயம் யாதொன்றும் இல்லை. பல்லாயிரம் பிடி மிளகு அந்தக் கைவழியே சென்றிருக்கிறது. கணக்குத் தவறிய ஒவ்வொரு முறையும் நட்டம் நேர்ந்து அந்தக் கையைத் திருத்தியிருக்கிறது.

கொச்சியில் 1947 முதல் தேயிலை ஏலமும் நடந்து வருகிறது. தேயிலையை மதிப்பிடுவோர் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சி, நாவிற் புரட்டி, உமிழ்ந்துவிட்டு அடுத்ததற்குச் செல்வர். 100 மில்லிலிட்டர் வெந்நீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறுவதற்கு 6 நிமிடம் என்பது இச்சோதனைக்குரிய பன்னாட்டு அளவு. ஒவ்வொரு கிண்ணத்திலும் அளவு மாறாதிருப்பதாலேயே நாக்கு கூறும் வேற்றுமை தேயிலையின் வேற்றுமையாகிறது.

இனி, மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்து வருவதையும் நினைவு கூர்வோம். நூறு வீட்டுத் துணி ஒன்றாய்க் கலந்து கிடந்தாலும், இது இன்னார் வீட்டது என்று குறியைக் கண்டும், சிலபோது குறியைக் காணுமுன்னரும் பழகிய கண் பிரித்துவிடும். இவ்வறிவை உலகம் வியப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊகமொன்றைச் சொல்லும் சாமியாரைக் கண்டால் வியக்கிறது. உழைப்பாளியின் கையில் உள்ள உண்மையான உள்ளுணர்வு இழிதொழிலென்று தாழ்த்தப்பட, சோதனைக்கு நில்லாத ஊகம் ஞானமென்று போற்றப்படுவது நம் நாட்டின் துன்பங்களுள் ஒன்று.

நாணயக்காரன் உவமை

கடைவீதியிற் கண்ட இவ்வுண்மையை நம் ஆசிரியர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கத்தை இயற்றிய ஆசாரியர் புத்தகோசர், காஞ்சியிலும் தங்கியிருந்தவராதலின், தமிழ்நாட்டோடு உறவுடையவர். அறிவின் மூன்று படிகளை விளக்க அவர் ஒரு நாணயக்காரன் கடையை உவமையாகக் காட்டுகிறார்.

பலகையின்மேல் காசுகள் குவிந்து கிடக்கின்றன. மூவர் அவற்றைப் பார்க்கின்றனர். சிறு குழந்தை அவற்றின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டுமே காண்கிறது. நாட்டுப்புறத்தான் வடிவத்தோடு, இவை பொருள் வாங்க உதவுவன என்பதையும் அறிகிறான். ஆனால் நல்லது எது, போலி எது என்பதை அறியான். நாணயக்காரனோ கண்ணாற் பார்த்தும், தட்டி ஓசை கேட்டும், முகர்ந்தும், சுவைத்தும், கையில் நிறை பார்த்தும், இன்ன ஊரில் இன்ன கொல்லன் செய்த காசு என்பதுவரை அறிந்துவிடுகிறான். குழந்தையின் பார்வை சஞ்ஞை. நாட்டுப்புறத்தான் அறிவு விஞ்ஞாணம். நாணயக்காரன் அறிவு பஞ்ஞை.

மூவர் முன்னும் இருப்பவை ஒரே காசுகள்தாம். நாணயக்காரனுக்கு மூன்றாவது கண் ஒன்றும் முளைத்துவிடவில்லை. ஐம்புலன்களே அவனிடத்தில் தேர்ச்சி பெற்றுள்ளன. மிளகு வணிகரின் கையும் இதற்கே சான்று.

அவ்வாறாயின் தேர்ந்தவரால் தம் அறிவு வந்த வழியை ஏன் சொல்ல முடியவில்லை? சம்யுத்த நிகாயத்தில் தச்சனின் வாய்ச்சிப் பிடி ஓர் உவமையாக வருகிறது. பிடியில் விரல்பட்ட தேய்மானம் தச்சனுக்குத் தெரிகிறது. இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று அவ்வளவு தேய்ந்தது என்பது தெரிவதில்லை. மாசுகள் தேய்வதை விளக்க வந்த அவ்வுவமை பயிற்சிக்கும் பொருந்தும். நாள்தோறும் நுண்ணிதாகச் சேர்ந்த அறிவு ஒருநாள் முழுமையாக வெளிப்படும்போது, வழியை மறந்த மனம் அதனை வானத்திலிருந்து வந்ததாக எண்ணுகிறது.

இக்கால ஆராய்ச்சி கூறுவது

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் சதுரங்க ஆட்டக்காரரைச் சோதித்தனர். உண்மையாக ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தின் நிலையை 5 விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை மீண்டும் அவ்வாறே அடுக்கினார்; புதியவரால் சிலவற்றையே அடுக்க முடிந்தது. பின்னர்க் காய்களை முறையின்றிக் கலைத்து வைத்துக் காட்டினர். அப்போது தேர்ந்தவரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர் பெற்றிருந்தது அளவிறந்த நினைவாற்றலன்று; பழகிய அமைப்புகளை இனங்காணும் திறமை என்பது இதனாற் பெறப்பட்டது.

2009இல் டேனியல் கானமன், கேரி கிளைன் என்னும் உளவியலறிஞர் இருவர் இதனை மேலும் தெளிவாக்கினர். ஒருவர் உள்ளுணர்வை ஐயுறுபவர். மற்றவர் அதனைப் போற்றுபவர். ஆயினும் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளை ஒருமனதாகக் கூறினர். முதலாவது, அறியப்படும் துறையில் மாறாத ஒழுங்கு இருத்தல் வேண்டும். இரண்டாவது, தன் கணிப்பு சரியா தவறா என்பதைக் கண்டு திருந்த நீண்ட வாய்ப்பு இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில் உள்ளுணர்வை நம்பலாம். இல்லாத இடத்தில், எத்துணை உறுதியாகத் தோன்றினும் நம்பலாகாது. மனத்தின் உறுதி உண்மைக்கு அளவுகோலன்று.

இவ்விரண்டு நிபந்தனைகளையும் நினைவில் நிறுத்துமாறு வேண்டுகிறோம். மிளகு வணிகருக்கு இரண்டும் உண்டு. குறி சொல்பவனுக்கு இரண்டும் இல்லை. அவன் சொல் பொய்த்தபோது கேட்டவர் திரும்பிச் சென்று அவனைத் திருத்துவதில்லை. பலித்தவர் மட்டுமே ஊரெங்கும் புகழ் பரப்புகின்றனர்.

இராமானுசன் பெற்ற உள்ளொளி

கணித மேதை இராமானுசனுக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளினாரே என்று இங்கே கேட்போர் இருப்பர். இக்கேள்வியை ஒதுக்கிச் செல்வது முறையாகாது. 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அப்பெருமகனார் தம் கணிதத்தைத் தாயாரின் அருளாகவே கருதினார் என்பது உண்மை. 1903 முதல் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலைக் கையிற்கொண்டு, பலகையில் எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்பதும் உண்மையே.

1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் பல முடிவுகள் உலகத்தை வியக்க வைத்தன. அக்கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் கூறியவை பிழையாயிருந்தன. சரியானவையும் பிழையானவையும் அவர் உள்ளத்தில் ஒரே உறுதியோடு தோன்றியவையே. எது மெய், எது பிழை என்பதை நிறுவல் ஒன்றே காட்டியது. 1914இல் இங்கிலாந்து சென்ற இராமானுசன் ஹார்டியோடு சேர்ந்து நிறுவலில் ஈடுபட்டார். எண் பிரிவினையைப் பற்றி இருவரும் 1918இல் வெளியிட்ட முடிவு இன்றும் புகழுடன் நிற்கிறது. அத்துணைப் பெரிய உள்ளமே சோதனைக்கு உட்பட்டதாயின், நம் உள்ளம் விலக்குக் கேட்பது எங்ஙனம்?

கனவும் கணக்கும்

பலித்த கனவைப் பற்றி ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். ஓர் இரவிற் கண்ட கனவு மறுநாள் நிகழ்ச்சியோடு தற்செயலாக ஒத்துப்போவது பதினாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கொச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 2011இல் சுமார் 6 லட்சம். ஆளுக்கொரு கனவாயின், எவ்வகை அற்புதமும் இன்றியே அந்நகரில் இரவுதோறும் 60 பேர்க்குக் கனவு பலித்தாக வேண்டும். பலிக்காத கனவுகளை எவரும் நினைவில் வைப்பதில்லை. பலித்த அறுபதும் கதையாகின்றன.

மனோசக்தியை நேரே சோதித்தோரும் உளர். 1930களில் ஜே. பி. ரைன் என்பவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐந்து வகைக் குறிகளுள்ள 25 சீட்டுகளைக் கொண்டு பிறர் கருத்தறியும் ஆற்றலைச் சோதித்தார். ஊகமாகச் சொன்னாலே சராசரி ஐந்து சரியாகும். அதற்கு மிகுதியாகக் கண்டதாக அவர் கூறியதைப் பிறர் கட்டுப்பாட்டோடு மீண்டும் செய்தபோது உறுதியாகக் காண இயலவில்லை. தொலைவிலுள்ளதை மனத்தாற் காண்போரை உளவுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1970களில் தொடங்கிய முயற்சி, பயனில்லையென்று 1995இல் கைவிடப்பட்டது.

நமக்கு அண்மையிலுள்ள சான்றும் உண்டு. 1898இல் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்து இலங்கையில் ஆசிரியராக விளங்கிய ஆபிரகாம் கோவூர், ஏமாற்று வழியில்லாத சோதனையில் அற்புத ஆற்றலைக் காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை.

பகவன் காட்டிய அளவை

பௌத்த நூல்களிலும் இருத்தி என்னும் அற்புத ஆற்றல்களும் பிறர் உள்ளமறிதலும் கூறப்படுகின்றனவே எனின், ஆம், கூறப்படுகின்றன. அவற்றுக்குப் பகவன் கொடுத்த இடம் யாது என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

தீக நிகாயத்துக் கேவட்ட சூத்திரத்தில், நாலந்தாவைச் சேர்ந்த கேவட்டன் என்னும் இல்லறத்தான் பிக்குகள் அற்புதம் காட்டினால் மக்கள் பெருகச் சேர்வர் என்று வேண்டுகிறான். பகவன் மறுக்கிறார். அற்புதத்தைக் கண்டவன் நம்பினாலும், நம்பாதவன் அது காந்தாரி வித்தை என்பான். உள்ளமறிந்து சொன்னால் மணிகா வித்தை என்பான். ஆகவே அதனால் எதுவும் தெளிவாவதில்லை என்று காட்டுகிறார். இவ்வாறு செய்க, இவ்வாறு செய்யற்க, இதனைச் சிந்திக்க, இதனை விடுக என்று மனிதனைத் திருத்தும் போதனையையே அற்புதங்களுள் மேலானதாகக் கூறுகிறார். இராசகிருகத்தில் உயரத் தொங்கிய சந்தனப் பாத்திரத்தை இருத்தியால் எடுத்த பிண்டோல பாரத்துவாசர் கண்டிக்கப்பட்டதும், இல்லறத்தார் முன் அற்புதம் காட்டலாகாதென்று விதி பிறந்ததும் விநயத்தில் உள்ளன.

நம் தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வான்வழிச் செலவும் அமுதசுரபியும் உண்டு. ஆயினும் அவள் தம்மத்தில் நிலைபெறுமுன் அறிவின் அளவைகளைக் கற்க வேண்டியிருந்தது. வஞ்சி மாநகரில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறக் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளோ காண்டலும் கருதலுமாகிய இரண்டே அளவை என்றும், ஏனையவை கருதலில் அடங்கும் என்றும் தெளிவிக்கிறார். உள்ளுணர்வு மூன்றாவது அளவையாக அங்கே வைக்கப்படவில்லை. அது காண்டலாலும் கருதலாலும் சோதிக்கப்பட வேண்டிய ஒரு தோற்றமே.

உள்ளுணர்வு என்னும் பெயரில் வரும் இழிவு

இனி இப்பாடத்தின் முதன்மையான பகுதிக்கு வருவோம். மிளகைத் தொட்டுத் தொட்டுக் கை பயிற்சி பெறுவதுபோல், வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு மனமும் பயிற்சி பெறுகிறது. இன்னார் வந்தால் விலகு, இன்னார் தொட்டதை உண்ணாதே என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டவனுக்கு, இருபது வயதில் எண்ணம் எழுமுன் உடலே விலகுகிறது. “என்னவோ என் மனம் ஒப்பவில்லை” என்கிறான். அவனுக்கு அது உள்ளுணர்வாகவே தோன்றும். மிளகு வணிகரின் உறுதிக்கு அவன் உறுதி குறைந்ததன்று.

மேற்கூறிய நிபந்தனைகளை இங்கே வைத்துப் பாருங்கள். சாதியில் இயற்கையின் ஒழுங்கு ஏதுமில்லை. தவற்றைக் கண்டு திருந்தும் வாய்ப்பும் அவனுக்கு இல்லை; உடன் உண்ணாதவனுக்கு உடன் உண்டால் தீங்கில்லை என்பது எவ்வாறு தெரியும்? விலக்கமே தன்னைச் சோதனையினின்று காத்துக்கொள்கிறது.

அச்சோதனையைத் துணிந்து நடத்தியவர் சகோதரன் ஐயப்பன். கொச்சித் துறைமுக வாயிலுக்கு வடக்கே நீண்டு கிடக்கும் வைப்பின் தீவிலுள்ள செறாயியில், 1917 மே 29ஆம் நாள் ஈழவரும் புலையரும் ஒருங்கிருந்து உண்ணும் சமபந்தியை அவர் நடத்தினார். உண்டவர்க்கு உடலில் ஒரு கேடும் நேரவில்லை. கேடு நேர்ந்ததெல்லாம் ஊர் செய்த விலக்கினால்தான். புலையன் ஐயப்பன் என்று இகழ்ந்தனர். அவர் அப்பெயரை மதிப்பாகவே ஏற்றார். தலைமுறை தலைமுறையாய் மக்கள் மனத்தில் உறுதியாக நின்ற ஓர் உணர்வு பொய் என்பதை ஒரு வேளை உணவு மெய்ப்பித்தது.

இஃது ஒடுக்கியவர்க்கு மட்டும் உரிய பாடமன்று. ஒடுக்கப்பட்டவர் உள்ளத்திலும் இதே பயிற்சி நிகழ்ந்திருக்கிறது. அலுவலக வாயிலில் நிற்கும்போதும், கூட்டத்தில் எழுந்து பேச முனையும்போதும், “இது உனக்கு ஆகாது” என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுமாயின், அதுவும் பிறர் பழக்கிய பழக்கமே. அக்குரலுக்குப் பணிதல் வேண்டா. அதனையும் சோதிக்க வேண்டும். வாயிலைக் கடந்து சென்றே அதனைச் சோதிக்க முடியும்.

பயிற்சி முறை

உபாசக உபாசிகைகள் பின்வருமாறு ஒரு திங்கள் பயின்று பார்க்கலாம்.

முதலாவது, உள்ளத்தில் முன்னறிவிப்புப்போல் ஏதேனும் தோன்றினால், அது நிகழுமுன்னரே நாளும் நேரமும் இட்டு ஓர் ஏட்டில் எழுதுக. பலித்ததையும் பலியாததையும் ஒருபடித்தாகக் குறித்து, திங்கள் முடிவில் எண்ணிப் பார்க்க.

இரண்டாவது, அத்தோற்றம் எழுந்த துறையில் நமக்கு நீண்ட பயிற்சி உண்டா, நம் பிழையைத் திருத்தியவர் உண்டா என்று வினவுக. தன் குழந்தையின் முகவாட்டத்தைக் கண்டு காய்ச்சலை ஐயுறும் தாய்க்கு இரண்டும் உண்டு. அவள் உடனே மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை. முன்பின் அறியாத ஒருவரின் குணத்தை முகத்தைக் கொண்டு தீர்ப்பவர்க்கு இரண்டும் இல்லை.

மூன்றாவது, வெறுப்பு வடிவில் வரும் உள்ளுணர்வை இரட்டிப்பாக ஐயுறுக. சதிபட்டானம் கற்பிப்பதுபோல், “வெறுப்பு எழுந்துள்ளது” என்று அறிந்து, அதன்படி பேசுவதையும் செய்வதையும் நிறுத்தி, அது எங்கிருந்து வந்தது என நோக்குக.

நான்காவது, குறி, சோதிடம் ஆகியவற்றின் பொருட்டுத் திருமணத்தையோ கல்வியையோ மருத்துவத்தையோ தள்ளிவைத்தல் கூடாது.

மனத்தின் ஆற்றல் பெரிது என்பதில் ஐயமில்லை. பழகிய கையை அளவுகோலாக்குவதும் அதுவே; பழகிய பொய்யை மெய்யாகக் காட்டுவதும் அதுவே. காலாமர்க்குப் பகவன் உரைத்தபடி, கேள்வியாலும் வழக்காலும் ஒன்றைக் கொள்ளாமல், நன்மை தருவதா, துன்பம் தருவதா என்று தாமே அறிந்து கொள்வோருக்கு இவ்வாற்றல் துணையாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நாணயக்காரன் உவமையில் வரும் மூவர் யாவர்? உமது தொழிலிலிருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. உள்ளுணர்வை நம்புதற்குரிய இரண்டு நிபந்தனைகள் எவை? குறி சொல்பவனிடம் அவை உளவா?

3. சாதி வெறுப்பு உள்ளுணர்வுபோல் தோன்றுவதற்குக் காரணம் யாது? செறாயிச் சமபந்தி அதனை எவ்வாறு சோதித்தது?

4. போதனையே மேலான அற்புதம் எனப் பகவன் கூறியது ஏன்?